மா என்னும் ஒரு சொல்

தமிழிலுள்ள ஓரெழுத்தொருமொழிகளுள் 'மா' பொருள்வளம் மிக்கது. மாமரம், விலங்கு, அரிசி முதலியவற்றை இடித்துப் பெறும் பொடி, பெருமை, இருபதில் ஒரு பங்கு ஆகிய யாவற்றையும் அது குறிக்கும். ஒலி ஒன்றாயினும் சொல் ஒன்றன்று என்பதைத் தொல்காப்பியர் நன்குணர்ந்திருந்தார். மரத்தின் பெயர் 'கோடு' என்பதனோடு புணருங்கால் மெல்லெழுத்துப் பெற்று மாங்கோடு என்றாகும். விலங்கின் பெயரோ னகர ஒற்றுப் பெற்று மான்கோடு என்றாகும். முன்னையது கிளை, பின்னையது கொம்பு.

பிறமொழிகளிலும் இவ்வொலி வழங்குகின்றது. சீன மொழியில் அது, ஒலிக்கும் தொனிக்கேற்பத் தாய், சணற்செடி, குதிரை, ஏசுதல் என நால்வேறு பொருள் தரும். ஆறு தொனிகளையுடைய வியட்நாமிய மொழியில் பேய், தாய், ஆனால், கல்லறை, குதிரை, நெல்நாற்று என்பன அதன் பொருள்களாம். அரபியில் அது 'என்ன' என்னும் வினா; வடமொழியில் 'வேண்டா' என்னும் விலக்கு; பின்லாந்து மொழியில் நிலம்.

இங்கேதான் மயக்கம் பிறக்கின்றது. பழந்தமிழில் குதிரையும் மா எனப்பட்டது. சீனத்திலும் குதிரை மா. சோழர் கல்வெட்டுக்களில் மா ஒரு நில அளவு. பின்லாந்திலும் நிலம் மா. இவற்றைக் கொண்டு இம்மொழிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முடிவு கட்டலாமா?

ஆராய்ந்து நோக்கின் இவ்வொப்புமை நிலைபெறாது. தமிழில் மா என்பது விலங்கின் பொதுப்பெயர். யானைக்கும் அது வழங்கிற்று. சீனச் சொல்லின் தொன்மையான வடிவிலோ ரகர ஒலி கலந்திருந்தது என்பர் அம்மொழி வல்லுநர். நில அளவாகிய மா, ஒரு வேலியின் இருபதில் ஒரு பங்கு. எண்பதில் ஒரு பங்காகிய காணியைப் போல, அதுவும் பின்னத்தின் பெயரே, மண்ணின் பெயரன்று.

மொழியுறவை நாட்டுவது தனிச்சொல்லன்று; ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் ஒலி மாற்றமே. தமிழில் பால், பல், புலி என்பன கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி என நிற்கின்றன. சொன்முதற் பகரம் ஹகரமாதல் ஒரு நியதியாக அமைதலைக் காண்க. இவ்வாறான சான்றுகளைத் தொகுத்தே, தென்னாட்டு மொழிகள் தனியொரு குடும்பம் என்பதை 1816 இல் எல்லிஸ் துரை எடுத்துரைத்தார். 1856 இல் கால்டுவெல் ஐயர் விரிவாக நிறுவினார். அத்தகைய அறிஞரும், திராவிட மொழிகளைப் பின்லாந்து மொழி முதலியவற்றோடு சேர்த்துச் 'சித்தியம்' என்னும் பெருங்குழுவோடு உறவுபடுத்த முயன்றார். அக்கருத்து இன்றளவும் நிறுவப்படவில்லை.

உறவின்றியும் சொற்கள் பிறமொழி புகுவதுண்டு. வியட்நாமியர் குதிரைக்கு வழங்கும் மா என்னும் பெயர் சீனத்திலிருந்து சென்றதாகும். தமிழின் மாங்காய், மலையாளத்தின் மாங்ங என்பவற்றோடு தொடர்புடைய பெயரைப் போர்த்துக்கேயர் 16 ஆம் நூற்றாண்டில் 'மங்கா' எனத் தம்மொழியிற் கொண்டனர். ஆங்கிலத்தில் அது 'மாங்கோ' ஆயிற்று. இது கடன், பிறப்புரிமையன்று. கனியோடு பெயரும் கப்பலேறிற்று என்பதே இதன் வரலாறு.

ஆகவே ஓரொலி பல மொழிகளில் வழங்குதல் தற்செயலாகலாம், கடனாகலாம், குடிவழியாகலாம். இம்மூன்றையும் பிரித்தறியாது ஓரெழுத்தைப் பற்றிக்கொண்டு, உலக மொழிகளுக்கெல்லாம் தம்மொழியே தாயென்று உரைப்போர் எந்நாட்டிலும் உளர். அவ்வுரையால் மொழிக்குப் பெருமை சேராது. அதன் மெய்யான வரலாறே மறைந்துபோம். தமிழின் தொன்மைக்குக் கல்வெட்டும் இலக்கியமும் இலக்கணமும் சான்றாக நிற்கும்போது, தற்செயலான ஓரொலியின் துணை அதற்கு வேண்டுவதில்லை.