இளைப்பாறு

இளைப்பு, ஆறு என்ற இரண்டும் சேர்ந்த சொல் இது. இளைத்தல் என்றால் உடல் மெலிவது, வலுக் குறைவது. மூச்சு வாங்குவதற்கும் இளைப்பு என்றே பெயர். ஆறுதல் என்றால் தணிதல். பால் ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும். எதுவும் உடனே ஆறிவிடாது. ஓய்வு என்ற சொல்லில் வேலை நிற்பதுதான் தெரிகிறது. இளைப்பாற வேண்டுமானால் போன தெம்பு திரும்ப வேண்டும். அதனால் எனக்கு இந்தச் சொல்தான் பிடிக்கும்.

பழைய சாலையோரங்களில் இளைப்பாற உதவும் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். நிமிர்ந்த கல் இரண்டு, மேலே கிடையாக ஒன்று. தலைச்சுமைக்காரர் பிறர் கைகொடுக்காமலே சுமையை அதில் இறக்கலாம், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பிரசவத்துக்கு முன் இறந்துபோன கர்ப்பிணிகளின் நினைவாக நட்டவை பல.

இலங்கையில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியரை 'இளைப்பாறிய ஆசிரியர்' என்பார்கள். ஆனால் அறுபது வயதுவரை காத்திருக்க முடியுமா? வேலையால் வரும் 'பர்ன் அவுட்' நிலைக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மூன்று அடையாளங்கள் சொன்னது: உடலும் மனமும் ஓய்ந்துபோவது, வேலையில் மனம் ஒட்டாமல் கசந்துபோவது, வேலைத்திறன் குறைவது. இதை அது நோய் என்று வகைப்படுத்தவில்லை. பணியிடம் சார்ந்த நிலை என்றது. ஞாயிறு முழுக்கத் தூங்கியும் திங்கள் காலை அலுவலக அழைப்பு வந்தாலே நெஞ்சு படபடக்கிறதா? இளைப்பு இன்னும் ஆறவில்லை. சுமையைக் குறைக்கச் சொல்லி மேலதிகாரியிடம் கேட்பதும், தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரைப் பார்ப்பதும் இளைப்பாறுவதில் சேர்த்திதான்.