ஈயம் முதல் லித்தியம் வரை: பழைய மின்கலம் யார் கைக்குப் போகிறது?

பாதையில் கிடக்கும் முள்ளையும் கல்லையும் அகற்றுவது ஈமானின் ஒரு கிளை எனச் சிறு வயதிலேயே கற்றவர்கள் நாம். வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய மடிக்கணினி மின்கலத்துக்கும் அந்தப் பாடம் பொருந்தும். அதைக் குப்பையில் எறியாமல் பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று பலரும் எண்ணுகிறோம். மின்கலங்களின் வரலாறு அவ்வெண்ணத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

1859ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே, ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய முதல் மின்கலத்தை அமைத்தார். இன்று வாகனங்களிலும் வீட்டு இன்வெர்ட்டர்களிலும் உள்ள ஈய மின்கலங்கள் அதன் வழிவந்தவையே. ஈயம் 327 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். அதை உருக்க ஓர் அடுப்பும் இரும்புச் சட்டியும் போதும். ஆகவே பழைய மின்கலத்தை உடைத்து ஈயம் எடுக்கும் தொழில் பல நாடுகளில் ஏழைகளின் கொல்லைப்புறங்களில் வேரூன்றியது.

அத்தொழில் கேட்ட விலையை முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் செனெகல் நாடு கண்டது. தலைநகர் டக்காரை ஒட்டிய தியாரோய் சுர் மேர் என்னும் கடலோரக் குடியிருப்பில் பழைய வாகன மின்கலங்கள் பல ஆண்டுகளாக உடைக்கப்பட்டு வந்தன. ஈயத்தின் விலை ஏறியபோது, அங்குள்ள மக்கள் ஈயம் கலந்த மண்ணைத் தோண்டி, சலித்து விற்கத் தொடங்கினர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான ஐந்தே மாதங்களில் அங்கே 18 குழந்தைகள் மூளை நரம்புகள் பாதிக்கப்பட்டு மடிந்தனர். முதலில் காரணம் எவருக்கும் விளங்கவில்லை. பின்னர் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட 81 பேரின் உடலிலும் ஈய நஞ்சு ஏறியிருந்தது தெரியவந்தது. அங்கே நடந்ததும் மறுசுழற்சிதான் என்பதை நாம் மறக்கலாகாது.

மடிக்கணினிகள் வேறொரு வழியில் வந்தன. 1899இல் சுவீடனின் வால்டெமார் யுங்னர் உருவாக்கிய நிக்கல் காட்மியம் மின்கலமே தொடக்க கால மடிக்கணினிகளுக்கு ஆற்றல் தந்தது. காட்மியம் எத்தகைய நஞ்சு என்பதை ஜப்பான் முன்னரே அறிந்திருந்தது. அங்கே சுரங்கக் கழிவிலிருந்து ஜின்சு ஆற்றில் கலந்த காட்மியம், வயல் வழியே அரிசிக்குள் புகுந்து, மக்களின் எலும்புகளை நொறுக்கியது. நோயாளிகளின் ஓலமே அந்நோய்க்கு 'இட்டாய் இட்டாய்' என்று பெயராயிற்று. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்பது அதன் பொருள். 1968இல்தான் ஜப்பான் அரசு அதன் காரணத்தை ஏற்றுக்கொண்டது. நிக்கல் காட்மியம் மின்கலங்களைத் திரும்பப் பெறுவதை எளிதாக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது 1996இல். முதலில் இழப்பு, பிறகே சட்டம் என்னும் வரிசை இங்கும் மாறவில்லை.

1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. இதில் ஈயமும் இல்லை, காட்மியமும் இல்லை. ஆயினும் இதைச் சுத்தியால் உடைத்தால் உள்ளே எஞ்சியிருக்கும் மின்னாற்றலே தீ மூட்டிவிடும். உள்ளிருக்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் புளோரைடு என்னும் நச்சு வாயுவை எழுப்பும். 2006 ஆகஸ்டில் தீப்பற்றும் அபாயத்தால் டெல் நிறுவனம் ஏறத்தாழ 41 லட்சம் மடிக்கணினி மின்கலங்களைத் திரும்பப் பெற்றது. ஆலையில் முறையாகச் செய்யப்பட்ட மின்கலத்துக்கே இந்நிலை என்றால், தெருவோரத்தில் உடைபடும் மின்கலத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

முறையான ஆலையிலோ எஞ்சிய மின்னாற்றலை வடித்து, காற்றுப் புகாத சூழலில் அரைத்து, கிடைக்கும் கருந்தூளை அமிலத்தில் கரைத்து, கோபால்ட், நிக்கல், லித்தியம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரிக்கின்றனர். உலகின் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் குழிகளில் சிறுவர்களும் உழைப்பது பதிவாகியுள்ளது. இங்கே மீட்கப்படும் கோபால்ட், அங்கே தோண்ட வேண்டிய அளவைச் சிறிதேனும் குறைக்கும்.

இந்தியாவில் 2001இல் வந்த மின்கல விதிகள் ஈய மின்கலங்களை மட்டுமே கருதின. 2022இல் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் லித்தியம் உட்பட எல்லா வகைகளையும் உள்ளடக்கி, பழையவற்றைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தின. மின்கலத்தை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்கும் கடமை நம்முடையது.

பழைய பொருள் வாங்கும் கடையைத் தமிழர் காயலான் கடை என்கின்றனர். காயல்பட்டின வணிகரின் நினைவு அப்பெயரில் இருப்பதாகச் சொல்வதுண்டு. நம்மவர் பலருக்கு ஹலாலான வாழ்வு தந்த தொழில் அது. அங்கே சுத்தியலோடு அமர்ந்திருப்பவர் நம் சகோதரர். அவர் பிள்ளைகள் நம் மஹல்லாவின் பிள்ளைகள். ஆகவே இரும்பையும் தாளையும் அவரிடம் கொடுப்போம். மின்கலத்தை அந்த மூட்டையில் சேர்க்காதிருப்போம். அதன் முனைகளில் ஒட்டுநாடா சுற்றி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்து, உற்பத்தியாளரின் சேவை மையத்திலோ அரசிடம் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைப்போம். உப்பிய மின்கலத்தைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. அதை முதலில் அப்புறப்படுத்த வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றிரண்டே இருக்கும் என்பதால், ஜமாஅத் நிர்வாகம் ஆண்டுக்கு ஒருமுறை நாள் குறித்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரை வரவழைத்துச் சேகரித்தால், இன்ஷா அல்லாஹ், ஊர் முழுவதற்கும் அது பயன் தரும்.