அலி அஷ்ஃபாக்

அலி அஷ்ஃபாக் (பிறப்பு: 5 செப்டம்பர் 1985, மாலே) மாலத்தீவின் கால்பந்து வீரர், முன்கள ஆட்டக்காரர், தேசிய அணியின் முன்னாள் தலைவர். ரசிகர்கள் இவரைத் ‘தகண்டே’ என்று அழைக்கிறார்கள். இரும்பைக் குறிக்கும் திவெஹிச் சொல்லிலிருந்து வந்த செல்லப்பெயர் அது. சுமார் ஐந்து லட்சம் மக்களே வாழும் தீவு நாட்டிலிருந்து வந்து, தெற்காசியக் கால்பந்தின் தலைசிறந்த கோல் வேட்டைக்காரர்களுள் ஒருவராக உயர்ந்தவர்.

தொடக்கம்

2003 டிசம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் மங்கோலியாவை மாலத்தீவு 12-0 என வென்றது. அதில் நான்கு கோல்கள் 18 வயது அஷ்ஃபாக் அடித்தவை. அடுத்த சுற்றில், 2004 மார்ச்சில், 2002 உலகக் கோப்பையின் அரையிறுதி வரை சென்ற தென்கொரியாவை மாலேயில் கோலின்றிச் சமன் செய்தது மாலத்தீவு.

சாஃப் கோப்பை

தெற்காசிய நாடுகள் மோதும் இத்தொடரில்தான் இவரது புகழ் நிலைபெற்றது. 2008இல் கொழும்பில் நடந்த இறுதியாட்டத்தில் மாலத்தீவு 1-0 என இந்தியாவை வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. அஷ்ஃபாக் அந்த அணியில் இருந்தார்.

2013ஆம் ஆண்டுத் தொடர் காத்மாண்டுவில் நடைபெற்றது. இலங்கைக்கு எதிரான 10-0 வெற்றியில் இவர் ஒருவரே ஆறு கோல்கள் அடித்தார். அடுத்து பூட்டானை 8-2 என வென்ற ஆட்டத்தில் மேலும் நான்கு. இரண்டே ஆட்டங்களில் பத்து கோல்கள்! ஆனால் அரையிறுதியில் இந்தியா 1-0 என வென்றதால் மாலத்தீவு வெளியேறியது.

கழக ஆட்டம்

உள்நாட்டில் கிளப் வலென்சியா, நியூ ரேடியண்ட், வி.பி. ஸ்போர்ட்ஸ், டி.சி. ஸ்போர்ட்ஸ் உள்ளிட்ட அணிகளுக்கு ஆடினார். புருணையின் டி.பி.எம்.எம். அணியிலும் இடம்பெற்றார். 2014இல் மலேசியக் காவல்துறையின் பி.டி.ஆர்.எம். அணியில் சேர்ந்தார். அவ்வாண்டே அந்த அணி பிரீமியர் லீக் பட்டத்தை வென்று சூப்பர் லீக்குக்கு முன்னேறியது.

விலக்கமும் மீள்வரவும்

2018 சாஃப் கோப்பைக்குப் பயிற்சியாளர் பீட்டர் செக்ரட் இவரைச் சேர்க்கவில்லை. இளைஞர்கள் நிறைந்த அணி குழுச்சுற்றில் ஒரு கோல்கூட அடிக்காமல், காசு சுண்டிப் பார்த்ததில் அரையிறுதிக்குள் நுழைந்து, டாக்காவில் இந்தியாவை 2-1 என வீழ்த்திக் கோப்பையையே வென்றது. அத்துடன் அஷ்ஃபாக்கின் சர்வதேச வாழ்வு முடிந்துவிடவில்லை. 2021 அக்டோபரில் மாலேயில் நடந்த தொடரில் 36 வயதில் மீண்டும் களமிறங்கி, வங்கதேசத்துக்கும் இந்தியாவுக்கும் எதிராகப் பெனால்டி வாய்ப்புகளைக் கோலாக்கினார். இலங்கைக்கு எதிரான 1-0 வெற்றியின் ஒரே கோலும் இவருடையதே.

முக்கியத்துவம்

மாலே தீவின் பரப்பு சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர். ஆடுகளத்துக்கென ஒதுக்க நிலமே அரிதான ஊர். அங்கு பந்து உதைக்கத் தொடங்கியவர், 18 வயதில் நாட்டுக்காக அடித்த கோலை 36 வயதிலும் அதே ஊரில் அடித்தார். மக்கள் சூட்டிய பெயருக்கு அந்தப் பதினெட்டு ஆண்டுகளே சான்று.