பேய்க் கதை படிக்கும் பெண்களும், படிக்காமலே விமர்சிக்கும் நாமும்

போன செமஸ்டரில் எங்கள் துறையின் சுவர் இதழுக்கு ஒரு புத்தக விமர்சனம் எழுதிக் கொடுத்தேன். புத்தகம், ஸ்டெஃபனி மேயர் எழுதி 2005-ல் வெளிவந்த 'ட்வைலைட்'. அமெரிக்காவில் எப்போது பார்த்தாலும் மழை பெய்துகொண்டிருக்கும் ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊருக்கு பெல்லா என்ற 17 வயதுப் பெண் வருகிறாள். கூடப் படிக்கும் எட்வர்டைக் காதலிக்கிறாள். அவன் ஒரு ரத்தக்காட்டேரி. இது போதாதா? ஒரு பக்கத்துக்குக் கலாய்த்துத் தள்ளிவிட்டேன். 'கொசுவுக்கும் காதல் வரும்' என்று தலைப்பு வேறு.

நல்ல வரவேற்பு. சீனியர்கள்கூட நின்று படித்துச் சிரித்தார்கள். அன்று ராத்திரி என் ரூம்மேட் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்த வரிசையின் நாலு புத்தகங்களையும் பிரவுன் அட்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பவள் அவள்.

"எத்தனாவது பக்கம் வரைக்கும்டி படிச்ச?"

எனக்கு பதில் வரவில்லை. நான் படித்தது பின்னட்டை மட்டும். மீதி எல்லாம் டிவியில் பாதி பார்த்த படம். அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் லைட்டை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

இந்தக் கேள்வி மனதை அரித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் பாடத்தில் ஜேன் ஆஸ்டெனின் 'நார்தாங்கர் அபே' வந்தது. அப்போதுதான் தெரிந்தது, நான் செய்த காரியத்துக்கு இருநூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது என்று. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆங்கிலத்தில் இந்தப் பேய்மாளிகை நாவல்களை ஆரம்பித்து வைத்தவர் ஹோரஸ் வால்போல். 1764 டிசம்பரில் 'ஒட்ரான்டோ கோட்டை' என்ற புத்தகத்தை வெளியிட்டார். வானத்திலிருந்து ராட்சசத் தலைக்கவசம் விழுந்து கல்யாண மாப்பிள்ளை நசுங்கிச் சாகிற கதை. தன் பேரைப் போடப் பயந்து, இது ஒரு பழைய இத்தாலியப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு என்று புளுகிவிட்டார். 'மந்த்லி ரெவ்யூ' என்ற பத்திரிகை பாராட்டியது. மறு வருஷம் இரண்டாம் பதிப்பில், எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டார். அதே பத்திரிகை உடனே பல்டி அடித்தது. பழைய காலத்து ஆள் எழுதினால் மன்னிக்கலாம், படித்த நவீன மனிதர் இப்படி எழுதலாமா என்று. புத்தகம் மாறவில்லை, எழுதியது யார் என்ற தகவல் மட்டும்தான் மாறியது. பேய்க் கதை விமர்சனத்தின் லட்சணம் முதல் புத்தகத்திலேயே தெரிந்துவிட்டது!

அடுத்த முப்பது வருஷத்தில் இது பெரிய வியாபாரமாகிவிட்டது. அன்றைக்குப் புத்தகம் வாங்குவது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. ஒரு நாவல் மூன்று, நான்கு பாகங்களாக வரும். அதனால் லெண்டிங் லைப்ரரிகளில் சந்தா கட்டி ஒவ்வொரு பாகமாக எடுத்துப் படிப்பார்கள். லண்டன் லெடன்ஹால் தெருவில் வில்லியம் லேன் என்பவர் நடத்திய மினர்வா பிரஸ் இதில் கொடிகட்டிப் பறந்தது. நாவல்களை அச்சடித்ததோடு, புதிதாக லைப்ரரி தொடங்கும் கடைக்காரர்களுக்கு மொத்தமாகப் புத்தகங்களை அனுப்பியும் வைத்தார் லேன். எழுதியவர்களில் நிறையப் பேர் பெண்கள். படித்தவர்களிலும் பெண்கள் நிறைய.

இவர்களில் சூப்பர் ஸ்டார் ஆன் ராட்கிளிஃப். 1794-ல் வந்த 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நாவலுக்கு அவருக்குக் கிடைத்த தொகை 500 பவுண்டு. அந்தக் காலத்தில் ஒரு நாவலுக்கு இது அசாத்தியமான பணம். அதில் ஒரு கறுப்புத் திரை வரும். கதாநாயகி எமிலி அதை விலக்கிப் பார்த்து மயங்கி விழுவாள். எதைப் பார்த்தாள் என்பதை ராட்கிளிஃப் கடைசிப் பாகம் வரை சொல்ல மாட்டார். (நானும் சொல்லப்போவதில்லை. நாலு பாகம் படித்து நான் பட்ட பாட்டை நீங்களும் படுங்கள்.)

பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1796-ல் மேத்யூ லூயிஸ் எழுதிய 'தி மாங்க்' வந்தது. எழுதி முடித்தபோது அவருக்கு 19 வயது. பேய், பிசாசு, கொலை, அதற்கு மேலும் எல்லாம் உண்டு. மறு வருஷம் கவிஞர் கோல்ரிட்ஜ் 'கிரிட்டிகல் ரெவ்யூ'வில் இதை விமர்சித்தார். எழுத்தாளரின் திறமையை ஒப்புக்கொண்டார். ஆனால் தன் மகனோ மகளோ இதைக் கையில் வைத்திருப்பதைப் பார்த்தால் பெற்றவர்களின் முகம் வெளிறிப்போகும் என்று எச்சரித்தார். இதை எழுதியபோது கோல்ரிட்ஜுக்கே வயது 24. சரி, இந்தப் பெரிய மனிதர் அடுத்து என்ன எழுதினார்? 1798-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற கவிதையில் பிணங்கள் எழுந்து நின்று கப்பல் ஓட்டுகின்றன. கவிஞர் எழுதினால் கற்பனை, லைப்ரரிப் புத்தகத்தில் வந்தால் கெட்டுப்போவார்கள்!

இந்தச் சூழலில்தான் இருபதுகளில் இருந்த ஜேன் ஆஸ்டென் ஒரு கதை எழுதினார். அதன் முதல் பெயர் 'சூசன்'. 1803-ல் கிராஸ்பி என்ற பதிப்பாளர் 10 பவுண்டுக்கு வாங்கினார். வாங்கியவர் அச்சிடவே இல்லை. ஆறு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு 1809-ல் 'மிஸஸ் ஆஷ்டன் டென்னிஸ்' என்ற பொய்ப் பெயரில் ஆஸ்டென் கடிதம் எழுதினார். அந்தப் பெயரின் முதலெழுத்துகளை ஆங்கிலத்தில் சேர்த்தால் 'மேட்' என்று வரும். எவ்வளவு கடுப்பு இருந்தால் இப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார்! பத்து பவுண்டைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்று பதில் வந்தது. 1816-ல்தான் பணத்தைக் கட்டி மீட்க முடிந்தது. 1817 ஜூலையில் ஆஸ்டென் இறந்துபோனார். அதே வருஷம் டிசம்பரில் 'நார்தாங்கர் அபே' வெளியானது. அட்டையில் போட்டிருந்த வருஷம் 1818.

கதாநாயகி கேத்தரினுக்கு 17 வயது. ஆமாம், பெல்லாவின் வயதேதான். கிராமத்துப் பெண்ணான அவள் பாத் நகருக்கு வருகிறாள். 'உடால்ஃபோ'வில் மூழ்கிப்போகிறாள். அவள் தோழி இசபெல்லா, அடுத்துப் படிக்க ஏழு பயங்கர நாவல்களின் பட்டியலைக் கொடுக்கிறாள். எல்லாமே பயங்கரமாக இருக்குமா, நிச்சயமா என்று கேத்தரின் ஆவலோடு கேட்கிறாள். ஹாஸ்டலில் நாம் கேட்காத கேள்வியா இது?

அந்த ஏழு புத்தகங்களுக்கும் தனிக் கதை உண்டு. எல்லாம் 1790-களில் வந்தவை. ஆறு மினர்வா பிரஸ் வெளியீடுகள். காலப்போக்கில் சுத்தமாக மறக்கப்பட்டன. எவ்வளவு தூரம் என்றால், அவற்றை ஆஸ்டெனே கிண்டலுக்காகக் கற்பனை செய்துவிட்டார் என்று நினைத்தவர்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் மைக்கேல் சாட்லியர் போன்ற சேகரிப்பாளர்கள் தேடிப் பிடித்தார்கள். 1927-ல் சாட்லியர் இது பற்றி ஒரு கட்டுரையே வெளியிட்டார். 1968-ல் ஏழும் ஒரே வரிசையாக மறுபடி அச்சில் வந்தன. அதன் பதிப்பாசிரியர் தேவேந்திர வர்மா. இந்தியாவில் பிறந்து கனடாவில் பேராசிரியராக இருந்தவர். குப்பை என்று தூக்கிப் போட்டதை ஒரு இந்தியர் தூசி தட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

இப்போது முக்கியமான ஆளுக்கு வருகிறேன். இசபெல்லாவின் அண்ணன் ஜான் தோர்ப். 'உடால்ஃபோ' படித்திருக்கிறீர்களா என்று கேத்தரின் கேட்டதும், நாவலெல்லாம் வெட்டி வேலை, அதற்கு எனக்கு நேரமில்லை என்கிறான். அப்படியே படித்தாலும் ராட்கிளிஃப் நாவலாக இருந்தால்தான் படிப்பேன் என்று சேர்த்துச் சொல்கிறான். 'உடால்ஃபோ'வை எழுதியதே ராட்கிளிஃப்தான் என்பது அவனுக்குத் தெரியாது! வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் ரூம்மேட் திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

இன்னொரு வாசகனும் இருக்கிறான், ஹென்றி டில்னி. 'உடால்ஃபோ'வை இரண்டே நாளில், மயிர்க்கூச்செறியப் படித்து முடித்ததாகக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்கிறான். தங்கைக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அவள் ஐந்து நிமிஷம் எழுந்து போக, பொறுக்க முடியாமல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். அவனும் அந்த நாவல்களைக் கிண்டல் செய்கிறான். ஆனால் எந்தப் பக்கத்தில் என்ன வரும் என்று தெரிந்து கிண்டல் செய்கிறான். ஆஸ்டெனும் அப்படித்தான். கதையை நிறுத்திவிட்டு, நாவல் எழுதுகிறவர்களே நாவலை மட்டம் தட்டலாமா என்று சண்டைக்கு வருகிறார். என்ன படிக்கிறாய் என்று கேட்டால் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூச்சப்படும் பெண்ணைப் பற்றி எழுதுகிறார். பிரவுன் அட்டை ஞாபகம் வந்தது எனக்கு.

பிறகு ஹென்றியின் வீடான நார்தாங்கருக்குக் கேத்தரின் விருந்தாளியாகப் போகிறாள். பழைய மடாலயம், புயல், பூட்டிய அலமாரி. உள்ளே ஒரு காகிதச் சுருள்! ராத்திரி வெகுநேரம் தூக்கம் வராமல் கிடந்து, விடிந்ததும் பிரித்துப் பார்த்தால் அது சலவைக் கணக்கு. அதோடு நிற்காமல், ஹென்றியின் அப்பா ஜெனரல் டில்னி தன் மனைவியைக் கொன்றிருப்பார் என்று சந்தேகப்பட்டு மாட்டிக்கொள்கிறாள். பேய்க் கதை படித்தால் புத்தி இப்படித்தான் போகும் என்று பலரும் இந்த இடத்தோடு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆனால் கதை முடியவில்லை. கேத்தரின் பெரிய பணக்காரி என்று யாரோ அளந்ததை நம்பித்தான் ஜெனரல் அவளை உபசரித்திருக்கிறார். அவள் பணக்காரி இல்லை என்று தெரிந்ததும், துணைக்கு ஒரு வேலைக்காரியைக்கூட அனுப்பாமல், காலங்காத்தாலே வீட்டைவிட்டுத் துரத்துகிறார். எழுபது மைல், பதினோரு மணி நேர வண்டிப் பயணம், 17 வயதுப் பெண் தன்னந்தனியாக. அவர் கொலைகாரர் இல்லைதான். ஆனால் அந்த வீட்டில் ஏதோ கொடுமை இருக்கிறது என்று அவள் பயந்தது தப்பா? கொலையைத் தப்பாக ஊகித்தாளே தவிர, ஆளைத் தப்பாக எடைபோடவில்லை என்று கடைசியில் அவளுக்கே தோன்றுகிறது. அவளைப் பணக்காரி என்றும், பிறகு பரம ஏழை என்றும் ஜெனரலிடம் அளந்துவிட்டது யார் தெரியுமா? அதே ஜான் தோர்ப். புத்தகத்தைப் படிக்காமல் மதிப்புரை சொன்னவன், பெண்ணைத் தெரிந்துகொள்ளாமலும் மதிப்புரை சொல்லியிருக்கிறான்.

எனக்கு இதில்தான் விஷயம் இருப்பதாகப் படுகிறது. பேய்க் கதைகள் சொல்லும் பேய் பொய். ஆனால் அவை சொல்லும் பயம் பொய் இல்லை. அடுத்தவர் வீடு, பூட்டிய அறை, யாரிடமும் சொல்ல முடியாத சந்தேகம், கையில் பணம் இல்லாமல் தனியாகத் திரும்பும் பயணம். இவை எல்லாம் அந்த வயதுப் பெண்களுக்குத் தெரிந்த பயங்கள்தான்.

இன்னொரு தகவல். 'நார்தாங்கர் அபே' வெளியாகிச் சில நாட்களில், 1818 ஜனவரி 1 அன்று, 'ஃபிராங்கன்ஸ்டைன்' வெளிவந்தது, ஆசிரியர் பெயர் இல்லாமல். மேரி ஷெல்லி அதை எழுத ஆரம்பித்தபோது வயது 18. 'பிரிட்டிஷ் கிரிட்டிக்' பத்திரிகை, எழுதியது ஒரு பெண் என்று கேள்விப்பட்டதால் குற்றம் இன்னும் பெரிதாகிவிட்டது என்கிற தொனியில் எழுதியது. வால்போலுக்கு நடந்ததே மறுபடியும்.

அப்படியே நூற்று எழுபது வருஷத்துக்கும் மேல் தாண்டினால் எல்.ஜே. ஸ்மித்தின் 'வாம்பயர் டைரீஸ்' 1991-ல் வருகிறது, 2005-ல் 'ட்வைலைட்'. படிப்பவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள், கிண்டல் அடிப்பவர்கள் மற்ற எல்லாரும். 2014-ல் வால் மெக்டெர்மிட் 'நார்தாங்கர் அபே'யை எடின்பரோவில் நடக்கும் இன்றைய கதையாக மாற்றி எழுதினார். அதில் கேத்தரின் படிப்பது ரத்தக்காட்டேரி நாவல்கள். ராட்கிளிஃப் இருந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? டிரங்குப் பெட்டியிலிருந்து முதல் புத்தகத்தைக் கேட்டு வாங்கி முழுவதும் படித்தேன். அதில் பெல்லா புல்வெளியில் படுத்துக்கொண்டு ஜேன் ஆஸ்டென் படிக்கிறாள்! கதாநாயகன் பெயர் எட்வர்ட் என்று வந்ததும் எரிச்சலில் அந்தக் கதையை விட்டுவிடுகிறாள். பின்னட்டையில் இது போட்டிருக்கவில்லை.

எல்லாம் பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பெல்லா தூங்கும்போது அவளுக்குத் தெரியாமல் எட்வர்ட் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் காதல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ரூம்மேட்டிடம் சொன்னேன். அவள் சண்டைக்கு வரவில்லை.

"எனக்கும் அது பிடிக்காதுடி. ஆனா ப்ளஸ் டூ படிக்கிறப்ப வீட்டுல எல்லாரும் என் மார்க்கைத்தான் பாத்தாங்க. இதுல அவ என்ன யோசிக்கிறான்னு தெரிஞ்சுக்க ஒருத்தன் தவிக்கிறான்ல. அதுக்காகத்தான் நாலையும் படிச்சேன்."

இந்த ஒரு பதிலில் இருந்த விமர்சனம் என் முழுப் பக்கத்தில் இல்லை. அடுத்த சுவர் இதழுக்குப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். எட்வர்ட் அறைக்குள் நுழைவதையும் எழுதினேன், அவள் சொன்னதையும் அவள் சம்மதத்தோடு பெயர் போடாமல் எழுதினேன். முதல் வரியில், முந்தைய விமர்சனம் புத்தகத்தைப் படிக்காமல் எழுதப்பட்டது என்று போட்டேன். இந்தத் தடவை சீனியர்கள் யாரும் நின்று சிரிக்கவில்லை. ஆனால் இரண்டாவது புத்தகத்தை அவளே எடுத்து என் மேஜையில் வைத்திருந்தாள். பிரவுன் அட்டையைக் கழற்றிவிட்டு.