அச்சத்தின் வகை தெரிதல்: கடலூர்க் கரையை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினை அச்சத்தின் நிலைக்களன்களாக வகுத்தபோது, அஞ்சுகின்றவனுக்குப் புறத்தே அஞ்சப்படும் பொருள் ஒன்று உண்டு என்பதையே அடிப்படையாகக் கொண்டார். அவர் ஆராய்ந்தது செய்யுளில் தோன்றும் மெய்ப்பாடேயன்றி நோயன்று. ஆயினும், எதன்பொருட்டு அஞ்சினான் என்று முதற்கண் வினவும் அந்த நெறி மனோவியாதிகளைப் பகுத்துணர்வதற்கும் பெரிதும் துணைசெய்யும் என்பதும், அவ்வினாவை விடுத்துச் சரீரக் குறிகளை மட்டும் எண்ணுபவர் மயங்குவர் என்பதும் என் துணிபு.

மயக்கத்துக்குக் காரணம் உண்டு. நெஞ்சுப் படபடப்பு, மூச்சு முட்டல், வியர்வை, கைகால் நடுக்கம் ஆகியவை அச்ச நோய்கள் பலவற்றுக்கும் பொதுவானவை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலை, தேவனாம்பட்டினம் முதலிய குப்பங்களையும், பிச்சாவரத்தை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டையும் சிதைத்து, கடலூர் மாவட்டத்தில் 600க்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்து சென்ற பிறகு, இக்கரையில் எவருக்கு நெஞ்சு படபடத்தாலும் அதனைச் 'சுனாமியில் பயந்த கோளாறு' என்று கொள்வது எளிது; எளிதேயன்றிச் சரியன்று.

அப்பேரலையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். இரவில் அலையோசை சற்று உயர்ந்தாலும் அந்தக் காலைப்பொழுது அவள் கண்முன் மீண்டும் நிகழ்கின்றது. கடற்கரைத் தெருவைத் தவிர்த்து நடக்கின்றாள். உறக்கத்தில் அலறி எழுகின்றாள். இது பேரிடருக்குப் பின்னான மன உளைச்சல். இனி, கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் செல்லும் ஓர் இளைஞனைக் கருதுவோம். ஆலப்பாக்கம் தாண்டிப் புதுச்சத்திரத்தை நெருங்குகையில், அச்சுறுத்துவது யாதொன்றும் இல்லாதிருக்க, திடீரென்று இருதயம் அடித்துக்கொள்கின்றது; உயிர் போய்விடும் என்றே அவன் நிச்சயிக்கின்றான்; சில நிமிஷங்களில் உச்சத்தை எட்டிய அந்த வேதனை மெல்லத் தணிகின்றது; ஆஸ்பத்திரியில் எடுத்த இ.சி.ஜி.யில் குறையொன்றும் காணவில்லை. அது மீண்டும் மீண்டும் வந்து, அடுத்து எப்போது வருமோ என்னும் கவலை ஒரு மாதமேனும் நீடித்து, பேருந்தில் ஏறுவதையே அவன் விட்டுவிடுவானாயின் அது பீதி நோய். மூன்றாமவள், கணவனின் படகு, வட்டிக் கடன், மகளின் பரீட்சை, ஒழுகும் கூரை என்று ஒன்றை விட்டு ஒன்றாக ஆறு மாதங்களுக்கு மேல் கவலையிலேயே காலங்கழித்து, கழுத்து வலியும் உறக்கமின்மையும் உற்றவள். அவளுடையது பொதுப் பதற்ற நோய். முதலாமவளின் அச்சத்துக்குப் பொருள் உண்டு, அது கடந்துபோனது. இளைஞனுடையதற்குத் தொடக்கத்தில் பொருளே இல்லை. மூன்றாமவளுக்கோ எல்லாமே பொருள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபோது படகைக் கடலில் இறக்காதிருந்தவனின் அச்சம் இம்மூன்றிலும் சேராது, அது விவேகம்.

பகுப்பு எளிதில் அமைந்ததன்று. 1895இல் நரம்புத் தளர்ச்சியினின்று பதற்ற நோயைப் பிரித்த பிராய்டும், திடீர்த் தாக்குதலையும் நாட்பட்ட கவலையையும் ஒன்றாகவே வைத்தார். டொனால்டு கிளைன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1964இல் வெளியிட்ட ஆய்வில், இமிப்ரமின் என்னும் மருந்து தாக்குதல்களை நிறுத்தியதும், தாக்குதல் வருமோ என்னும் கவலை மட்டும் எஞ்சி நின்றதும் புலனாயின. இரண்டும் வேறு என்பதற்கு மருந்தே சாட்சியாயிற்று. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு அவற்றைத் தனித்தனி நோய்களாக ஏற்றது. அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு பேரிடர் உளைச்சலைப் பதற்ற நோய்களின் தொகுதியினின்றே நீக்கி வேறு அதிகாரத்தில் வைத்தது.

இம்மூவகைக்கும் பெரும்பாலும் ஒரே இன மாத்திரைகளே தரப்படும்போது இத்தனை நுணுக்கம் எதற்கு என்று வினவுவார் உளர். மாத்திரை ஒன்றாயினும் பேசித் தீர்க்கும் சிகிச்சை ஒன்றன்று. படபடப்பு மரணத்தின் அறிகுறியன்று என்பதை இளைஞன் தன் சரீரத்திலேயே பரீட்சித்து உணர வேண்டும். தாயோ நடந்ததை வாய்விட்டுக் கூறி, துணையுடன் படிப்படியாகக் கரையை அணுக வேண்டும். மூன்றாமவளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதால் விளையும் பயன் ஒன்றுமில்லை. வகை தெரியாமல் மூவருக்கும் தூக்க மாத்திரையை நெடுநாள் கொடுத்துவந்தால், நோயோடு மாத்திரைக்கு அடிமையாகும் துன்பமும் சேர்ந்துகொள்ளும். இக்கொடுமையைத்தான் நான் மிகவும் அஞ்சுகின்றேன்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, இருதயக் கோளாறு, தைராய்டு மிகை, இரத்தசோகை, சர்க்கரை தாழ்தல் ஆகியன இல்லையென்று பரிசோதனையால் தெளிதல் இன்றியமையாதது. மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கோ அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரிக்கோ வருமுன் திருநீறு மந்திரிப்பவரிடம் செல்வாரை இகழ்வது தகாது. 'எதைப் பார்த்துப் பயந்தாய்?' என்று அவரும் கேட்கின்றார். அது நல்ல கேள்வியே. 'ஒன்றையும் பார்க்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தபோதே வந்தது' என்று விடை வருமாயின், அவரே அந்நோயாளியை மருத்துவரிடம் அனுப்பும்படி கிராம சுகாதாரச் செவிலியர் அவரோடு பழகி இசைவித்தல் கூடும்.