லினக்ஸ் கருனியில் ஐ2சி பாட்டை இயக்கிகளின் வரலாறு

ஐ2சி என்பது ஒரே மின்சுற்றுப் பலகையில் உள்ள சில்லுகள் ஒன்றோடொன்று பேச உதவும் இருகம்பித் தொடர் பாட்டை ஆகும். இதை நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கியது. இப்பாட்டையை இயக்கும் கட்டுப்படுத்திச் சில்லுக்கும் இயக்குதளத்திற்கும் இடையில் நிற்கும் நிரல் கட்டுப்படுத்தி இயக்கி எனப்படுகிறது. லினக்ஸ் கருனியில் இவ்வகை இயக்கிகள் வளர்ந்த வரலாறு, முகவரியைத் தட்டிப் பார்த்துச் சாதனங்களை ஊகிக்கும் முறை எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கண்டறிந்த வரலாறும் ஆகும்.

பாட்டையின் அமைப்பு

தொலைக்காட்சிப் பெட்டி போன்ற கருவிகளுக்குள் இருக்கும் சில்லுகளைக் குறைந்த கம்பிகளால் இணைப்பதே ஐ2சி-யின் தொடக்க நோக்கம். ஒரு கம்பி தரவையும் மற்றொன்று கடிகாரத் துடிப்பையும் சுமக்கின்றன. தொடக்கத்தில் இதன் வேகம் நொடிக்கு 1,00,000 பிட். 1992-இல் வெளியான வரையறை இதை 4,00,000 பிட்டாக உயர்த்தியது.

பாட்டையில் உள்ள ஒவ்வொரு சாதனத்திற்கும் 7 பிட் முகவரி உண்டு. கட்டுப்படுத்தி முதலில் முகவரியை அனுப்பும். அதனுடன் 'படிக்க வேண்டுமா, எழுத வேண்டுமா' என்று சொல்லும் ஒரு பிட்டும் செல்லும். அந்த முகவரிக்கு உரிய சாதனம் அடுத்த துடிப்பில் தரவுக் கம்பியைத் தாழ்நிலைக்கு இழுத்து 'இருக்கிறேன்' என்று ஒப்புக்கொள்ளும்.

இதில் முக்கியமான குறை ஒன்று உண்டு. பிசிஐ, யூஎஸ்பி பாட்டைகளில் ஒவ்வொரு சாதனமும் தன்னைச் செய்தவர் யார், தான் எந்த மாதிரி என்பதைக் கேட்டால் சொல்லும். ஐ2சி-யில் அப்படி ஒரு பொது ஏற்பாடு இல்லை. ஒரு முகவரியில் யாரோ இருக்கிறார் என்பது தெரியும். அவர் யார் என்பது தெரியாது. வெப்ப உணரியும் நினைவகச் சில்லும் ஒரே விதமாகவே ஒப்புதல் தரும்.

1995-இல் இன்டெல் நிறுவனம் ஐ2சி-யை அடிப்படையாகக் கொண்டு எஸ்எம்பஸ் என்ற பாட்டையை வரையறுத்தது. மடிக்கணினி மின்கலம், வெப்ப உணரி, விசிறிக் கட்டுப்பாடு போன்றவற்றுக்காகத் தாய்ப்பலகைகளில் இது இடம்பெற்றது. நினைவகப் பலகைகளின் விவரங்களைத் தாங்கிய சிறு நினைவகங்களும் இதே பாட்டையில்தான் உள்ளன. இன்டெலின் பிஐஐஎக்ஸ்4 சில்லு, எஸ்எம்பஸ் கட்டுப்படுத்தியைத் தன்னுள் கொண்டிருந்தது.

கட்டுப்படுத்தி இயக்கியின் வேலை

பிஐஐஎக்ஸ்4 போன்ற கட்டுப்படுத்திக்கு இயக்கி எழுதுவது, சுருக்கமாகச் சொன்னால், அதன் பதிவகங்களை முறையாகக் கையாளுவதே. கட்டுப்படுத்தியின் பதிவகங்கள் எந்த முகவரியில் தொடங்குகின்றன என்பதை இயக்கி முதலில் பிசிஐ அமைப்புத் தகவலிலிருந்து படிக்கிறது. ஒவ்வொரு பரிமாற்றமும் பின்வரும் வரிசையில் நடக்கிறது.

1. முந்தைய வேலை முடிந்துவிட்டதா என நிலைப் பதிவகத்தைப் பார்த்தல். பழைய பிழைக்குறிகள் இருந்தால் அழித்தல்.
2. சாதன முகவரி, கட்டளை, தரவு ஆகியவற்றை உரிய பதிவகங்களில் எழுதுதல்.
3. தொடக்க பிட்டை இட்டுப் பரிமாற்றத்தைத் துவக்குதல்.
4. முடியும்வரை காத்திருத்தல்; குறித்த நேரத்திற்குள் முடியாவிட்டால் கைவிடுதல்.
5. சாதனம் பதில் தரவில்லையா, பாட்டையில் மோதல் நேர்ந்ததா என்று பிழைக்குறிகளை ஆராய்தல்.

காத்திருக்கும் படிதான் கவனம் தேவைப்படும் இடம். பாட்டையின் வேகம் செயலியின் வேகத்தோடு ஒப்பிட மிகக் குறைவு. பிஐஐஎக்ஸ்4 இயக்கி சிறிது நேரம் உறங்கி விழித்து, நிலைப் பதிவகத்தை மீண்டும் மீண்டும் பார்க்கும் முறையைக் கையாண்டது. பின்னாளில் வேறு பல இயக்கிகள், வேலை முடிந்ததும் கட்டுப்படுத்தியே செயலிக்குச் செய்தி தரும் குறுக்கீட்டு முறைக்கு மாறின.

லினக்ஸில் தொடக்கம்

லினக்ஸின் ஐ2சி நிரலை 1990-களின் நடுவில் ஆஸ்திரியாவின் லின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைமன் வோகல் எழுதத் தொடங்கினார். தொலைக்காட்சி அட்டைகளுக்கான இயக்கிகளுக்கும் இது தேவைப்பட்டது. கட்டுப்படுத்தியை இயக்கும் நிரலும் பாட்டையின் மறுமுனைச் சில்லை இயக்கும் நிரலும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. இதனால் ஒரு வெப்ப உணரிக்கு எழுதிய இயக்கி எந்தக் கட்டுப்படுத்தியோடும் வேலை செய்ய முடிந்தது.

1998 முதல் ஃப்ரோடோ லோயார்ட், ஃபிலிப் எடல்ப்ராக் ஆகியோர் 'எல்எம்-சென்சார்ஸ்' திட்டத்தின்கீழ்த் தாய்ப்பலகை உணரிகளுக்கும் எஸ்எம்பஸ் கட்டுப்படுத்திகளுக்கும் இயக்கிகள் எழுதினர். பிஐஐஎக்ஸ்4 இயக்கியும் அவர்களுடையதே. 2001 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.4-இல் ஐ2சி உள்ளகம் இடம்பெற்றிருந்தது. உணரி இயக்கிகளை முதன்மைக் கருனிக்குள் கொண்டுவரும் பணியை 2003-இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் முன்னெடுத்தார்.

திங்க்பேட் சிக்கல்

தாய்ப்பலகையில் எந்தெந்தச் சில்லுகள் உள்ளன என்பதை உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் வெளியிடவில்லை. எனவே எல்எம்-சென்சார்ஸ் ஒவ்வொரு முகவரியையும் தட்டிப் பார்த்தது. அதற்குத் தரவு எதுவும் இல்லாத, முகவரியும் எழுதும் பிட்டும் மட்டுமே கொண்ட 'விரைவு எழுத்து' என்னும் கட்டளை பயன்பட்டது. தரவே அனுப்பாததால் இதனால் தீங்கு நேராது என்றே கருதப்பட்டது.

ஐபிஎம் நிறுவனத்தின் திங்க்பேட் மடிக்கணினிகள் பலவற்றில் அட்மெல் 24ஆர்எஃப்08 என்ற நினைவகச் சில்லு இருந்தது. கணினி தொடங்குவதற்குத் தேவையான தகவல்கள் அதில் சேமிக்கப்பட்டிருந்தன. விரைவு எழுத்துக் கட்டளை அச்சில்லைக் குழப்பியது. பாட்டையில் அடுத்து வந்தவற்றை அது எழுத வேண்டிய தரவாக எடுத்துக்கொண்டு, தன் உள்ளடக்கத்தைக் கெடுத்துக்கொண்டது. இவ்வாறு கெட்டுப்போன கணினி அடுத்த முறை தொடங்க மறுத்தது. இயக்குதளத்தை மீண்டும் நிறுவினாலும் பயனில்லை. கோளாறு வட்டில் இல்லை, தாய்ப்பலகையில் இருந்தது. வெப்பநிலையை அறிய விரும்பிய பயனர் கணினியையே இழக்க நேர்ந்தது.

இங்கே பிழையை ஒருவர்மேல் மட்டும் சுமத்த முடியாது. இயக்கி பாட்டையின் விதிக்கு உட்பட்ட கட்டளையையே அனுப்பியது. சில்லோ அக்கட்டளையைத் தாங்கும்படி செய்யப்படவில்லை. முதன்மையான தகவல் உள்ள சில்லு பாட்டையில் எவரும் எட்டும் நிலையில் இருந்தது.

எடுக்கப்பட்ட தீர்வுகள்

பிஐஐஎக்ஸ்4 இயக்கியில் ஒரு சோதனை சேர்க்கப்பட்டது. கணினி ஐபிஎம் தயாரிப்பு என்று அறிந்தால், சில்லின் தகவல் கெடலாம் என்ற எச்சரிக்கையை அச்சிட்டு, இயக்கி இயங்க மறுத்துவிடும். வேலை செய்யக்கூடிய இயக்கி, பாதுகாப்புக்காகத் தானே விலகிக்கொண்ட அரிய எடுத்துக்காட்டு இது.

தட்டிப் பார்க்கும் முறையும் மாற்றப்பட்டது. நினைவகச் சில்லுகள் வழக்கமாக இருக்கும் பதினறும எண் 30 முதல் 37 வரையும், 50 முதல் 5எஃப் வரையும் உள்ள முகவரிகளில் எழுதும் கட்டளைக்குப் பதிலாக ஒரு பைட்டைப் படிக்கும் கட்டளை கையாளப்பட்டது. எல்லா முகவரிகளுக்கும் இதையே கையாளலாமே என்ற கேள்வி எழலாம். அதுவும் முடியாது. எழுத மட்டுமே அனுமதிக்கும் சில கடிகாரச் சில்லுகள் படிக்கும் கட்டளையால் பாட்டையையே முடக்கிவிடும். எல்லாச் சில்லுகளுக்கும் பாதுகாப்பான தட்டல் என்று ஒன்று இல்லை என்பது இதனால் தெளிவானது.

ஊகத்திலிருந்து அறிவிப்புக்கு

நிலையான தீர்வு வடிவமைப்பு மாற்றத்தால் வந்தது. 2007-இல் வெளியான லினக்ஸ் 2.6.22-இல் டேவிட் பிரவுனெல் கொண்டுவந்த புதிய முறைப்படி, எந்த முகவரியில் எந்தச் சில்லு உள்ளது என்பதைப் பலகைக்கான நிரலே முன்கூட்டி அறிவிக்கும். கருனி தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பின்னர் ஏஆர்எம் கணினிகளில் இந்த அறிவிப்பு நிரலிலிருந்து பிரிந்து, 'டிவைஸ் ட்ரீ' என்ற தனி விவரக் கோப்புக்குச் சென்றது. தனிக்கணினிகளில் ஏசிபிஐ அட்டவணைகள் இதே பணியைச் செய்கின்றன. பழைய தட்டிப் பார்க்கும் முறை, உணரிகள் போன்ற சில வகைகளுக்கு மட்டும், குறிப்பிட்ட சில முகவரிகளோடு சுருக்கப்பட்டது. ஜான் டெல்வார், அவருக்குப்பின் 2012 முதல் வோல்ஃப்ராம் சாங் ஆகியோரின் பராமரிப்பில் இத்துணை அமைப்பு வளர்ந்தது.

இன்றைய பொருத்தம்

ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில் உணரிகளை இணைக்கும் மாணவர்கள் முதலில் இயக்கும் கருவி பெரும்பாலும் 'ஐ2சி-டிடெக்ட்' ஆகும். முகவரிகளைத் தட்டிப் பார்க்கும் முன் அது, பாட்டை குழம்பலாம், தரவு இழக்கப்படலாம் என்று எச்சரித்து ஒப்புதல் கேட்கிறது. மேலே கூறிய முகவரிகளில் இன்றும் படிக்கும் கட்டளையையே அது பயன்படுத்துகிறது. தனி உணரி ஒன்று மட்டும் உள்ள சோதனைப் பலகையில் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தாய்ப்பலகையின் பாட்டையிலோ, அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் கடந்துவிடக் கூடாது.