ரெசின் போர்க்கப்பல் மாதிரி சீரமைப்பு

பாலியூரித்தேன் ரெசினில் வார்த்த போர்க்கப்பல் மாதிரியின் வார்ப்புக் குறைகளைப் பெயின்ட் அடிக்கும் முன் திருத்தும் வேலை. சிலிக்கோன் ரப்பர் அச்சு சில பத்து வார்ப்புகளிலேயே தேய்ந்துவிடுவதால் விளிம்புகள் மழுங்குகின்றன; காற்றுக்குமிழி, உடல் வளைவு ஆகியவையும் நேர்கின்றன. 1:700 அளவில் 1 மி.மீ. குழி, உண்மைக் கப்பலில் 70 செ.மீ. ஓட்டைக்குச் சமம் என்பதால், சிறு குமிழியையும் விட்டுவைக்கலாகாது.

அச்சில் ஒட்டாதிருக்கத் தடவிய பொருளை முதலில் சோப்பு நீரில் கழுவ வேண்டும். இல்லையேல் பெயின்ட் உரியும். வளைந்த உடலை வெந்நீரில் இளக்கி, கண்ணாடிப் பலகைமேல் அழுத்தி ஆறவிடுவர். குமிழிகளைச் சயனோஅக்ரிலேட் பசையால் அடைத்து, நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்ப்பர். முற்றிலும் இறுகினால் பசை ரெசினைவிடக் கடினமாகும் என்பதால் தேய்ப்பதைத் தாமதிக்கலாகாது. பாலிஸ்டைரீன் பசை ரெசினில் ஒட்டாது. தேய்க்கையில் எழும் உலர்தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசம் கட்டாயம். கோணிய பீரங்கிக் குழல்களை நிமிர்த்துவதைவிடப் பித்தளைக் குழல் பொருத்துவதே மேல்.